மேடும் பள்ளமும் கடந்த வண்டிகள்



சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலை, என் பழைய மாணவன் ஒருவன் சேக்காட்டிலுள்ள என் இல்லத்திற்கு வந்தான். இடக்கையைத் துணித்தூளியில் இட்டுக் கழுத்தோடு கட்டியிருந்தான். காறை எலும்பு முறிந்திருந்தது. நடந்ததை அவன் வாயாலேயே கேட்டறிந்தேன். குடும்பத்தோடு ஒரு கடற்கரை விடுதிக்குச் சென்றிருக்கிறான். அங்கே ஏ.டி.வி. என்று இக்காலத்தார் வழங்கும் பருத்த சக்கரங்களைக் கொண்ட நாற்சக்கர வண்டியை வாடகைக்கு விடுகின்றனர். ஒருவர் மட்டும் அமரவேண்டிய அவ்வண்டியில், தமக்கையின் ஒன்பது வயது மகனையும் பின்னே ஏற்றிக்கொண்டு மணல்மேட்டின் சரிவில் குறுக்காக ஓட்டியிருக்கிறான். வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்து புரண்டது. பையன் தூரத்தில் மணலில் போய் விழுந்தான். அவனுக்குச் சிராய்ப்போடு போயிற்று. இவன்மேல் வண்டியே விழுந்தது. இருவர் தலையிலும் கவசம் இல்லை.

"ஓட்டும் முறையை யாரேனும் சொல்லிக்கொடுத்தார்களா?" என்று வினவினேன்.

"இது வேகம் கூட்டுவது, இது பிரேக்கு என்று காட்டினார்கள், ஐயா. வேறொன்றும் சொல்லவில்லை" என்றான்.

அவனுக்கு மூன்றாண்டுகள் வரலாறு கற்பித்தவன் நான். பாதையில்லாத நிலத்தில் வண்டி செலுத்துவதைப் பற்றி நம் மாவட்டத்து வரலாறே எவ்வளவோ சொல்கிறது. அதில் ஒரு சொல்லைக்கூட அந்த மூன்றாண்டுகளில் நான் அவனுக்குச் சொன்னதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இன்று உங்கள் முன் பேசுகிறேன்.

முதலில் நம் கட்டை வண்டியைப் பார்ப்போம். நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் பக்கத்தில் ஏரிக்கரைகளின் மேல்தான் வண்டிகள் போகும். ஒரு புறம் நீர், மறு புறம் கழனி, நடுவே ஒரு வண்டி மட்டும் செல்லத்தக்க வழி. என் தந்தையார் நெல் மூட்டை ஏற்றும்போது நான் கூட நிற்பேன். மூட்டைகளை அடுக்கியபின் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். கை தாழ்ந்தால் முன்பாரம் என்பார். ஏர்க்கால் மேலெழுந்தால் பின்பாரம் என்பார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் மிகுந்தால் மேட்டில் ஏறும்போது நுகம் கழுத்தைவிட்டு மேலே கிளம்பும். வண்டியே பின்புறம் குடைசாயும். ஆகையால் மேடு வந்ததும் வண்டியோட்டி முன்னே நகர்ந்து ஏர்க்காலின்மேல் வந்து உட்காருவார். இறக்கம் வந்தால் பின்னே நகர்ந்து மூட்டைகளோடு மூட்டையாய் ஒட்டிக்கொள்வார். கரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் கீழே இறங்கிவிடுவார். மேட்டுப் பக்கத்து முளைக்குச்சியைப் பற்றித் தன் உடல் கனத்தையெல்லாம் அதில் தொங்கவிட்டு நடப்பார். மேட்டு நடுவில் மாடு நின்றுவிட்டால் முதல் வேலை சக்கரத்தின் பின்னே கல் வைப்பது. மாட்டை அதட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பௌதிகம் பயிலாத ஒருவர் கனமையத்தைப் பற்றி அறிந்திருந்தது இவ்வளவு. என் மாணவன் தன் கல்லூரியில் இதே பாடத்தைச் சூத்திரங்களோடு படித்துத் தேறியவன். மணல்மேட்டில் அது அவனுக்கு நினைவு வரவில்லை.

இனி ஆறு. நம் ஊருக்கு வடக்கே கொசத்தலை ஆறு ஓடுகிறது. கொற்றலை என்பாரும் உளர். ஆங்கிலேயர் தம் நாவுக்கேற்பக் கோர்ட்டலையார் என்று எழுதினர். ஆண்டில் பல மாதங்கள் மணலாய்க் கிடக்கும் ஆறு. இந்த ஆற்றங்கரையில் 1780-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு படைத்தலைவர் செய்த முடிவு, தென்னிந்திய வரலாற்றில் ஆங்கிலேயர் கண்ட பெருந்தோல்விகளுள் ஒன்றுக்கு வித்திட்டது.

அவ்வாண்டு ஹைதர் அலி மலைக்கணவாய்களின் வழியே கர்நாடகச் சமவெளியில் இறங்கிவிட்டார். சென்னையிலிருந்த கும்பினியார் திகைத்துப் போயினர். குண்டூர்ப் பக்கத்திலிருந்து கர்னல் பெய்லி என்பவர் ஏறத்தாழ 2,800 பேர் கொண்ட படையோடு தெற்கே வந்துகொண்டிருந்தார். சென்னையிலிருந்த படைக்குத் தலைவர் சர் ஹெக்டர் மன்றோ. இருவரும் காஞ்சிபுரத்தில் ஒன்று சேர்வதென்று ஏற்பாடாயிற்று. பெய்லி ஆகஸ்டு 25-ஆம் நாள் கொசத்தலையின் வடகரையை அடைந்தார். அன்று ஆற்றில் நீர் அதிகமில்லை. பீரங்கி வண்டிகளையும் வெடிமருந்து வண்டிகளையும் எளிதில் அக்கரை சேர்த்திருக்கலாம். அவரோ வடகரையிலேயே கூடாரம் அடித்தார். நெடுவழி நடந்த படையல்லவா? களைப்பு, மறுநாள் காலையில் கடக்கலாம் என்று எண்ணியிருப்பார்.

அன்றிரவு வெள்ளம் வந்தது. மேற்கே மலைகளில் பெய்யும் மழை இங்கே நட்சத்திரம் மின்னும் இரவில் ஆற்றை நிரப்பும் என்பது எங்கள் பக்கத்து இடையனுக்கும் தெரியும். பெய்லி செப்டம்பர் 3-ஆம் நாள் வரையில் கரையிலேயே காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் மன்றோ காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஹைதரோ இருவருக்கும் நடுவே வந்துவிட்டார். 6-ஆம் நாள் பெரம்பாக்கத்தில் திப்பு பெய்லியைத் தாக்கினார். பின்னர் மன்றோ அனுப்பிய துணைப்படை ஒன்று இரவோடிரவாகப் பெய்லியை வந்தடைந்தது உண்மையே. ஆயினும் செப்டம்பர் 10-ஆம் நாள் காலை, காஞ்சிபுரத்திற்கு அருகே புள்ளலூரில், ஹைதரும் திப்புவும் அப்படையைச் சூழ்ந்து அழித்தனர். போரின் நடுவே பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. எவ்வண்டிகளைக் கரையேற்ற நாட்கணக்கில் காத்திருந்தாரோ அவ்வண்டிகளே அவருடைய அணியைச் சிதறடித்தன. பெய்லி சிறைப்பட்டுச் சீரங்கப்பட்டணத்தில் 1782-இல் இறந்தார். அந்நகரத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போர்க் காட்சி பெரிய ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. மைசூருக்குச் செல்வோர் காணத் தவறக்கூடாது.

மன்றோவின் செயலும் கேட்கத்தக்கது. பெய்லியின் அழிவைக் கேள்வியுற்றதும் அவர் தம் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார். இழுத்துச்செல்ல இயலாத கனம் படைக்குப் பகை. மைசூர்ப் படையிடமோ பீரங்கி இழுப்பதற்கென்றே பேணி வளர்க்கப்பட்ட அமிர்தமகால் மாடுகள் இருந்தன. வேகத்திற்கும் உழைப்பிற்கும் பெயர்போன இனம் அது. பிற்காலத்தில் சீரங்கப்பட்டணத்தை வென்ற ஆங்கிலேயர் அந்த மாட்டுப் பண்ணையையும் கைவிடாமல் எடுத்து நடத்தினர் என்றால், அதன் அருமையை நீங்களே உணரலாம்.

புள்ளலூர்ப் போர் முடிந்து இருபதே நாட்கள். செப்டம்பர் 30-ஆம் நாள், சென்னைக் கோட்டையில் இரண்டு கம்பெனிப் பயனீர் படை திரட்டப்பட்டது. மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்தி, படைக்கு முன்னே சென்று வழி செய்யும் படை அது. அதுவே வளர்ந்து மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் புகழ்பெற்ற படையாயிற்று. இன்றும் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு விளங்கும் அப்படை, செப்டம்பர் 30-ஐயே தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. நம் நாட்டுப்புற இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாக அதில் சேர்ந்து வந்திருக்கின்றனர்.

அவர்கள் செய்த ஒரு செயலை மட்டும் சொல்கிறேன். 1948-ஆம் ஆண்டு. லடாக்கின் லே நகருக்குச் செல்லும் வழியில் சோஜி லா என்னும் கணவாய் பகைவர் கையில் இருந்தது. கடல் மட்டத்திற்கு மேல் 11,500 அடிக்கும் அதிக உயரம். காலாட்படையின் தாக்குதல்கள் பலிக்கவில்லை. ஜெனரல் திம்மையா, டாங்கிகளை மேலே கொண்டுபோவதென்று துணிந்தார். கோவேறு கழுதைகள் செல்லும் ஒற்றையடித் தடம் அது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் அதலபாதாளம். 7-ஆவது குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள் ஜம்முப் பக்கத்திலிருந்து வரவேண்டும். வழியிலுள்ள பாலங்கள் தாங்கவேண்டுமே என்றும், ஒற்றர் கண்ணில் படக்கூடாதே என்றும், சுழல்மேடைகளைக் கழற்றித் தனியே கொண்டுவந்தனர். பால்தல் என்னுமிடத்திலிருந்து கணவாய் வரையில் தடத்தை வெட்டி அகலமாக்கியவர்கள் நம் மெட்ராஸ் சாப்பர்ஸ். வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள் அந்தப் பனியில், பகைவரின் குண்டுக்கு எட்டும் தூரத்தில், பாறை உடைத்தனர். நவம்பர் 1-ஆம் நாள் டாங்கிகள் கணவாயில் ஏறின. அத்துணை உயரத்தில் உலகில் எவரும் டாங்கியை எதிர்பார்த்திலர், பகைவரும் எதிர்பார்த்திலர். கணவாய் மீண்டது.

டாங்கி ஓட்டியவரைப் பாராட்டுகிறோம், பாராட்டவேண்டியதே. வண்டி போகுமுன்னே அந்த நிலத்தில் நடந்து, இங்கே தாங்கும், இங்கே சரியும் என்று காலால் அளந்தவர்களின் பெயர் நம் பாடநூல்களில் இல்லை. ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில் இதில் எனக்கும் வெட்கமுண்டு.

சக்கர வண்டிகளுக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் மூண்டபின், 1940-இல் அமெரிக்கப் படைத்துறை ஒரு சிறு வண்டிக்கு அழைப்பு விடுத்தது. எடை குறைவாக இருக்கவேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லவேண்டும். மாதிரி வண்டியை 49 நாளில் தரவேண்டும். பாண்டம் என்ற சிறு கம்பெனி அதை ஏற்றது. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளர் வரைந்த வண்டி செப்டம்பர் 23-ஆம் நாள், தவணை முடியும் வேளையில், போய்ச் சேர்ந்தது. அதன் வழியில் வில்லிஸ், போர்டு கம்பெனிகள் இலட்சக்கணக்கில் செய்து குவித்ததே ஜீப். சாதாரண மோட்டாரில் இரண்டு சக்கரங்களே வண்டியைத் தள்ளும். அவை சேற்றில் சுழன்றால் மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். ஜீப்பில் பின்சக்கரம் தள்ள, முன்சக்கரம் இழுக்கும். அத்துடன் வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கும் தனிப் பற்சக்கர அமைப்பும் உண்டு. கரடான இடத்தில் மெல்லப் போவதற்கென்றே செய்த அமைப்பு அது. போருக்குப்பின் பம்பாயில் மகிந்திரா கம்பெனியார் இந்த வண்டியை இணைத்து விற்கத் தொடங்கினர். பழைய ஜீப் ஓட்டிகள் தாம் பழக்குபவர்க்கு முதலில் சொல்வது ஒன்றுண்டு: திசைச்சக்கரத்தைப் பிடிக்கும்போது கட்டைவிரலை உள்ளே மடக்காதே. முன்சக்கரம் கல்லில் மோதினால் திசைச்சக்கரம் வெடுக்கென்று திரும்பும். விரல் உள்ளே இருந்தால் முறியும்.

ஜீப்புக்கும் டாங்கிக்கும் நிலம் தந்த தீர்ப்பு ஒன்று 1965-இல் பஞ்சாபில் நடந்தது. கேம்கரனுக்கு அருகே அசல் உத்தர் என்ற சிற்றூரில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் முன்னேறின. ஒவ்வொன்றும் 40 டன்னுக்கு மேல். அந்நாளில் உலகின் சிறந்த டாங்கிகளுள் வைத்து எண்ணப்பட்டவை. நம் படையினர் கால்வாய் நீரைக் கரும்புத் தோட்டங்களில் பாயவிட்டனர். வயல் சேறாயிற்று. ஓடவேண்டிய டாங்கிகள் சேற்றில் அழுந்தின. உயர்ந்த கரும்பு அவற்றின் கண்ணை மறைத்தது. அவற்றை எதிர்கொண்டவர்களுள் ஒருவர் அவில்தார் அப்துல் ஹமீது. ஒரு ஜீப்பின்மேல் பொருத்திய பின்னுதைப்பில்லாப் பீரங்கியோடு, மறைவிடம் விட்டு மறைவிடம் மாறி, டாங்கிகளை ஒவ்வொன்றாக உடைத்தார். இறுதியில் அவரும் வீழ்ந்தார். பரம வீர சக்கரம் அவர் மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது. அவர் இறந்த நாள் செப்டம்பர் 10. புள்ளலூர்ப் போரும் செப்டம்பர் 10. இதைத் தற்செயல் என்றே கொள்ளுங்கள்; தேதிகளை மறவாமலிருக்க நான் மாணவர்க்குச் சொல்லும் உபாயம் இது.

அதே 1965-ஆம் ஆண்டில்தான் எங்கள் அண்டை ஊரான ஆவடியில் முதல் விஜயந்தா டாங்கி உருவாகி வெளிவந்தது. 1961-இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை, விக்கர்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனியின் வடிவமைப்பைக் கொண்டு அதைச் செய்தது. ஆவடி என்ற பெயரே கவச வண்டிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது என்று படித்தவர்களும் சொல்லிவருகின்றனர். காங்கிரஸ் மகாசபையின் ஆவடி மாநாடு 1955 ஜனவரியில் கூடியது. டாங்கித் தொழிற்சாலையோ அதற்கு ஆறாண்டு பிந்தியது. கணக்கைத் தெரிந்தவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். பின்னர் அங்கே கவச வாகன ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. அது வடிவமைத்த அர்ஜுன் டாங்கி 2004-இல் படையில் சேரத் தொடங்கியது. 2021-இல் படைக்கலத் தொழிற்சாலைகள் கம்பெனிகளாக மாற்றப்பட்டபோது, கவச வாகனங்களுக்குரிய நிறுவனம் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்டது.

அர்ஜுனின் எடை 58 டன்னுக்கு மேல். அவ்வளவு கனம் மண்ணில் எவ்வாறு புதையாமல் செல்கிறது? அகன்ற இரும்புப் பட்டைகளின் மேல் அந்த எடை பரவி நிற்கிறது. ஒரு சதுரச் செண்டிமீட்டர் மண்ணின்மேல் விழுவது ஒரு கிலோவுக்கும் குறைவு. நம் வீட்டு மோட்டார் வண்டியின் சக்கரம் அதைப்போல் இருமடங்கு அழுத்துகிறது. டாங்கி கடக்கும் கழனியில் மோட்டார் வண்டி புதைவதன் காரணம் இதுவே. மணலில் செல்லும் ஓட்டிகள் சக்கரத்தின் காற்றைச் சிறிது இறக்கிவிடுவதும் இதே கணக்கைப் பார்த்துத்தான். சக்கரம் தளர்ந்து பரந்து, பட்டைபோல் ஆகிறது.

இந்தக் கணக்கின் கடைக்குட்டியே என் மாணவனைக் கவிழ்த்த வண்டி. 1970-இல் ஜப்பானின் ஹோண்டா கம்பெனியார் பலூன்போல் பருத்த, காற்றழுத்தம் மிகக் குறைந்த மூன்று சக்கரங்களை வைத்து ஒரு வண்டி செய்து அமெரிக்காவில் விற்றனர். பனியிலும் மணலிலும் சதுப்பிலும் அது மிதப்பதுபோல் சென்றது. ஆனால் மூன்று சக்கரம் எளிதில் கவிழும். எண்ணற்றோர் காயமுற்றனர், சிறுவர்களும் பலர் மாண்டனர். 1982-இல் சுசுகி கம்பெனியார் நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தனர். 1988-இல் அமெரிக்க அரசுக்கும் கம்பெனிகளுக்கும் நீதிமன்றத்தின் வழியே ஏற்பட்ட உடன்பாட்டால் மூன்று சக்கர வண்டியின் விற்பனை நின்றது. வாங்குவோர்க்குப் பயிற்சி அளிக்கவேண்டும் என்பதும், பதினாறு வயதுக்குட்பட்டவர்க்குப் பெரிய வண்டி தரலாகாது என்பதும் அதன்வழி வந்தன. நம் நாட்டில் இவ்வண்டிகள் பெரும்பாலும் விடுதிகளிலும் கேளிக்கைத் திடல்களிலுமே ஓடுகின்றன. படையினரும் இவ்வகை வண்டிகளைக் கொண்டுள்ளனர். அவர்கள் பழகியபின் ஏறுகின்றனர்.

நான்கு சக்கரம் ஆனபின்னும் இது காரைப் போன்றதன்று. காரில் நாம் அமர்ந்திருக்கிறோம். இதில் நாமே பாரம். வண்டியின் எடை சில நூறு கிலோ. ஓட்டுபவனின் எடை அதில் கணிசமான பங்கு. அவன் உடலை எங்கே வைக்கிறானோ அங்கே கனமையம் நகர்கிறது. மேட்டில் முன்னே சாயவேண்டும். இறக்கத்தில் பின்னே அமர்ந்து, சிறிய கியரில், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துமாறு இறங்கவேண்டும். குறுக்குச் சரிவைக் கூடுமானவரை தவிர்க்கவேண்டும். தவிர்க்க இயலாவிடின் மேட்டுப் பக்கம் சாயவேண்டும். மேட்டு நடுவில் எஞ்சின் நின்றால், வண்டியைப் பின்னே உருள விடாமல் பிரேக்கை இறுக்கி மேட்டுப் பக்கமாக இறங்கவேண்டும். நேயர்களே, இவற்றுள் என் தந்தையார் அறியாதது எது?

இரண்டாவது ஆளை ஏற்றக்கூடாது என்பதும் இதனாலேயே. பின்னே ஒருவர் அமர்ந்தால் அது பின்பாரம். ஓட்டுபவன் முன்னும் பின்னும் நகர இடமும் இல்லை. தார்ச்சாலையில் ஓட்டக்கூடாது என்பதற்கு வேறொரு காரணம் உண்டு. கட்டை வண்டியில் அச்சு அசையாது நிற்க, இரு சக்கரங்களும் தனித்தனியே சுழல்கின்றன. இவ்வண்டிகள் பலவற்றிலோ பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பிணைந்து ஒன்றாகவே சுற்றும். மணலில் திரும்பும்போது ஒரு சக்கரம் வழுக்கிக்கொடுக்கும். தாரில் வழுக்காது, பிடித்துக்கொண்டு வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். நீரைக் கடப்பதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? ஆழம் தெரியாத நீரில் முதலில் கோலை ஊன்றிப் பார்க்கவேண்டும். கலங்கி ஓடும் நீரில் இறங்கவே கூடாது. தலைக்கவசம், கணுக்காலை மூடும் காலணி, கையுறை ஆகிய மூன்றும் இல்லையேல், வாடகையைத் திருப்பிக் கேட்பதே அறிவு.

அன்று மாலை இவற்றையெல்லாம் என் மாணவனுக்குச் சொல்லிமுடிக்கையில் பொழுது சாய்ந்துவிட்டது. எங்கள் ஏரிக்கரை வரையில் என்னோடு நடந்து வந்தான். கரை இப்போது என் சிறுவயதில் இருந்ததுபோல் இல்லை, சுற்றிலும் வீடுகள். ஆயினும் கழனிப் பக்கமாக இருந்த சரிவில் ஓரிடம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதைக் காட்டி, "மூட்டை ஏற்றிய வண்டி இங்கே வந்தால் நீ எந்தப் பக்கம் நடப்பாய்?" என்று கேட்டேன்.

சற்றே நின்று சரிவைப் பார்த்தான். பின்னர்க் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் மேட்டுப் பக்கம் போய் நின்றான்.